9.8 வராத ஊசல்

பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு பிராக்டிகல். வரிசையாகத் துளையிட்ட உலோகப் பட்டை ஒன்று கத்தி முனையில் தொங்கி ஆடுகிறது. 20 அலைவுக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்த்து, துளை மாற்றித் துளை அளந்து, வரைபடம் போட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டு ஊசல் சோதனை. விடை 9.7 என்று வந்து நிற்கிறது. பக்கத்து மேசையிலிருந்து யோசனை வருகிறது: "9.8 வரணும்டா, ரீடிங்கை மாத்திடு." ரெக்கார்டு நோட்டில் 9.8 ஏறுகிறது. மதிப்பெண்ணும் விழுந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், சென்னையில் அந்த எண் 9.8 அல்ல, ஏறத்தாழ 9.78. பூமி சுழல்கிறது, இடுப்பில் கொஞ்சம் பருத்தும் இருக்கிறது. அதனால் நிலநடுக்கோட்டில் 9.78 ஆக இருப்பது துருவத்தில் 9.83 ஆகிறது. பாடப்புத்தகத்தின் 9.8 கணக்கு வசதிக்கு.

கல்லூரி ஊசல் இந்த நுண்ணிய வித்தியாசத்தைக் காட்டுமா என்றால், காட்டாது. 20 அலைவுக்கு 32 நொடி என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரல் 0.2 நொடி பிந்தினாலே போதும். சூத்திரத்தில் காலம் வர்க்கமாக வருவதால் பிழை இரட்டித்து, விடை 0.12 பிசகிவிடும். ஆகவே, '9.7, கூடவோ குறையவோ 0.12' என்று எழுதும் மாணவரே சரியாக எழுதியவர். தன் அளவீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லத் தெரிவதுதான் மூன்றாண்டுப் படிப்பின் சாரம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சி.வி. ராமன் மாணவராக இருந்தபோது, நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். இன்றும் எல்லா இயற்பியல் மாணவரும் செய்கிற சோதனை அது. முப்பட்டக முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளியின் இருபுறமும் தெரிந்த விளிம்பு விளைவுப் பட்டைகள் ஒன்றுபோல் இல்லை. கோணத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. அந்தச் சமச்சீரின்மையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906இல் லண்டனின் 'பிலாசபிகல் மேகசின்' இதழில் வெளியானது. அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அதுதான்.

ரீடிங்கை மாற்றும் பழக்கத்துக்கு மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விடைக்கு மதிப்பெண் போட்டால் விடைதான் வரும். வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னல், "ஏன் 9.8 வரவில்லை?" என்று கேட்பதை விட்டு, "அந்த 20 அலைவை எத்தனை தடவை எண்ணினீர்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.