சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் காரில் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில், எண்ணெய்க் குப்பியின் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. "கொஞ்ச தூரந்தானே அப்பா, போய்விடலாம்" என்றான் மகன். நானோ ஓரத்தில் சமமான இடம் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். ஏன்?

எஞ்சினில் சுழலும் தண்டையும் பேரிங்கையும் தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் பிரித்து வைக்கிறது. பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்தாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உராயும். சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தையே காட்டுகிறது. அழுத்தம் மிகவும் குறைந்தால், சுவிட்சிலுள்ள சுருள்வில் சவ்வைத் தள்ளி மின்சுற்றை மூடுகிறது.

எண்ணெய் கீழே வடியும்வரை காத்திருந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்த்தோம். எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொடவில்லை! வளைவில் அது ஒருபுறம் ஒதுங்க, உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்திருக்கிறது. டிக்கியிலிருந்த எண்ணெயை ஊற்றினோம். விளக்கு மீண்டும் எரியவில்லை. ஊர் சேர்ந்ததும், கசிவுக்குக் காரணமான அடித்திருகின் வாஷரை மாற்றினோம்.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால்? சுவிட்சைக் கழற்றி, அங்கே அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். அழுத்தம் சரியென்றால் பழுது சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கும். குறைவென்றால் வடிகட்டி, பம்பு, தேய்ந்த பேரிங் என ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

மாணவர்களே, சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், இந்த விளக்கு எரிய வேண்டும். ஏன்? நீங்களே சொல்லுங்கள்!