கோணத்தில் சுழலும் தண்டுகள்

டிராக்டரின் பின்புறத் தண்டிலிருந்து ரோட்டவேட்டர் போன்ற கருவிகளுக்குச் சக்தி செல்கிறது. இவ்விரண்டின் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. நிலத்தின் மேடு பள்ளத்திற்கேற்ப அவற்றின் இடையேயுள்ள கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். இவ்வாறு சாய்ந்து நிற்கும் தண்டுகளை இணைப்பதே யூனிவர்சல் ஜாயிண்ட். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ராபர்ட் ஹூக் இதனை ஆராய்ந்தமையால், ஹூக் இணைப்பு என்றும் இது வழங்கும்.

இதன் அமைப்பு எளிது. ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒரு கவை உண்டு. இரு கவைகளையும் நடுவே சிலுவை வடிவான ஒரு துண்டு இணைக்கிறது. அதன் கைகள் ஊசி பேரிங்குகளில் அசைகின்றன.

வேகத்தின் ஏற்றத்தாழ்வு

இயக்கும் தண்டு சீராகச் சுழன்றாலும், இயங்கும் தண்டு சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் செல்லும். இரு தண்டுகளும் அமைந்துள்ள தளத்தில் இயக்கும் கவை வரும்போது வேகம் மிகும். அத்தளத்திற்குச் செங்குத்தாக நிற்கும்போது குறையும். நிமிஷத்துக்கு 540 சுற்று சுழலும் தண்டுடன் 30 பாகைக் கோணத்தில் இணைந்த தண்டின் வேகம் 468க்கும் 624க்கும் இடையே ஊசலாடும். 10 பாகையானால் 532க்கும் 548க்கும் இடையே மட்டுமே மாறும்.

இக்குறையைத் தீர்க்க, இடைத்தண்டு ஒன்றின் இரு முனைகளிலும் இவ்விணைப்பை அமைப்பர். முதல் இணைப்பு விளைவிக்கும் ஏற்றத்தாழ்வை இரண்டாவது சரி செய்துவிடும். அதற்கு நிபந்தனைகள் இரண்டு: இருபுறக் கோணங்களும் சமமாக இருத்தல் வேண்டும், இடைத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்றல் வேண்டும். நீளும் தண்டைக் கழற்றி மீண்டும் பூட்டுகையில் கவைகள் 90 பாகை மாறிவிட்டால், குறை நீங்குவதற்குப் பதிலாகப் பெருகும். 30 பாகைக் கோணத்தில் வேகம் 405க்கும் 720க்கும் இடையே அலையும். தண்டு அதிர்ந்து, பேரிங்குகள் விரைவில் தேயும்.

களத்திலும் வகுப்பிலும்

கழற்றுமுன் இரு பாகங்களிலும் அடையாளம் இடுவது நன்று. கருவியை உயரத் தூக்கும்போது கோணம் மிகுமாதலால், அதற்குமுன் தண்டின் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். தடித்த கம்பியால் கவைகளையும் சிலுவையையும் செய்து, பாகைமானி கொண்டு ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு அளந்து காட்டலாம்.

540 சுற்று என்பது விநாடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால், கையை இழுக்கும் முன்னரே தண்டு ஆளைச் சுருட்டிவிடும். ஆகவே தண்டின் மூடியைக் கழற்றிவிட்டு யந்திரத்தை ஓட்ட ஒருபோதும் இடங்கொடுத்தல் ஆகாது.