பனிநீர் ஏரிக்கு ஒரு நடைவழி

இமயமலை என்றதும் உயிரைப் பணயம் வைத்துச் சிகரம் ஏறும் வீரரே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆயினும், மலையேறிப் பழகாத மாணவரும் இரண்டு நாளிற் சென்று மீளத்தக்க ஏரியொன்று அங்கே உண்டு. இமாசலப் பிரதேசத்தில், தர்மசாலா நகருக்கு அண்மையில், தவுலாதர் மலைத்தொடரின் தென்சாரலில் உள்ள கரேரி ஏரியே அது.

கரேரிக் கிராமத்திலிருந்து ஏரிக்கு ஏறத்தாழ 13 கிலோமீற்றர். கற்பலகை வேய்ந்த வீடுகளைக் கடந்ததும், நியுண்ட் என்னும் ஓடை வழித்துணையாகிறது. ஏரியின் உயரம் 2,934 மீற்றர்; நம் பீதுருதாலகாலை மலையினும் 410 மீற்றர் அதிகம். உருகும் பனியே இதனை நிரப்புகிறது; குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். கரையருகே மேட்டில் சிவபெருமான் கோயில் கொண்டுள்ளார்.

இப்புல்வெளிகள் கத்தியர் என்னும் இடையர் குலத்தாரின் மேய்ச்சல் நிலங்கள். கோடையில் மந்தைகளுடன் மலையேறும் இவர்கள், குளிர் நெருங்கும்போது பள்ளத்தாக்குக்கு இறங்குவர். நாம் வேடிக்கை பார்க்கும் நீர் அவர்தம் ஆடுகளின் குடிநீர் என்பதை மறத்தலாகாது. நாம் எறியும் ஒரு பிளாஸ்ரிக் பை போதும், ஓர் ஆட்டின் உயிரைப் போக்க.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஓடை திடீரெனப் பெருகும், அக்காலத்தைத் தவிர்க்க. மே, யூன் அல்லது செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில், ஊரறிந்த ஒருவரைத் துணைக்கொண்டு செல்க. கொண்டுசென்ற குப்பையை மீளக் கொணர்க. விருந்தினராய்ச் செல்வோர்க்கு இதுவே அழகு.