'கர்வ்' என்றால் வளைவு மட்டும்தானா?

ஆங்கிலத்தில் 'கர்வ்' என்றால் வளைவு அல்லது வளைகோடு. கம்ப்யூட்டரில் பல சாஃப்ட்வேர்களில் இந்தச் சொல் தென்படும். ஒவ்வொன்றிலும் அதன் வேலை வேறு என்பதால் புதியவர்கள் குழம்புவது உண்டு. ஆனால் அடிப்படை ஒன்றுதான். சில புள்ளிகளைக் கொடுத்தால், அவற்றைக் கொண்டு கம்ப்யூட்டர் சீரான ஒரு வளைகோட்டை அமைத்துத் தருகிறது.

வேர்டில்: இன்சர்ட் பகுதியில் ஷேப்ஸ் என்பதைத் திறந்தால் கோடுகளின் வரிசையில் கர்வ் இருக்கும். அதைத் தேர்வு செய்து, கோடு வளைய வேண்டிய இடங்களில் எல்லாம் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். முடிக்க டபுள் கிளிக் செய்யுங்கள்.

படங்களில்: இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் சாஃப்ட்வேரில் கலர்ஸ் மெனுவில் கர்வ்ஸ் உள்ளது. போட்டோஷாப்பில் கண்ட்ரோல் + எம் அழுத்தினால் போதும். ஒரு கட்டத்துக்குள் சாய்வான கோடு தெரியும். அதன் கீழ் முனை படத்தின் இருண்ட பகுதிகளையும், மேல் முனை வெளிச்சமான பகுதிகளையும் குறிக்கும். கோட்டின் நடுவைப் பிடித்து மேலே இழுத்தால் படம் வெளிச்சமாகும். கீழே இழுத்தால் இருண்டுவிடும்.

கோரல் டிராவில்: இங்குதான் அதிகக் கவனம் தேவை. வீட்டுத் திருமணத்துக்கு நீங்களே பத்திரிகை வடிவமைத்து, ஃபைலை அச்சகத்துக்குக் கொண்டு போகிறீர்கள். நீங்கள் பயன்படுத்திய தமிழ் ஃபாண்ட் அங்குள்ள கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் அதற்குப் பதில் வேறு ஃபாண்ட் வந்துவிடும். பாமினி போன்ற பழைய முறை ஃபாண்ட் என்றால், மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான் தெரியும்.

இதற்குத் தீர்வு 'கன்வர்ட் டு கர்வ்ஸ்'. எழுத்துகளைத் தேர்வு செய்து கண்ட்ரோல் + க்யூ அழுத்துங்கள். எழுத்து அனைத்தும் வளைகோடுகளால் ஆன படமாக மாறிவிடும். அதன் பிறகு ஃபாண்ட் தேவையில்லை. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்தின் வடிவம் மாறாது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இப்படி மாற்றியதை டைப் செய்து திருத்த முடியாது. முகூர்த்த நேரம் தவறாக இருப்பதை அச்சகத்தில் கண்டுபிடித்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்த பின், 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியை மட்டும் கர்வ்ஸாக மாற்றி அச்சகத்துக்குக் கொடுங்கள்.

கோரல் டிராவில் 'பெஸியர்' என்றொரு டூலும் உண்டு. பிரான்ஸின் ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெஸியே, 1960களில் காரின் வெளிப்புறத்தை வடிவமைக்க இவ்வகை வளைகோடுகளைப் பயன்படுத்தினார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. காருக்காக வந்த அந்த முறைதான் இன்று உங்கள் பத்திரிகையின் எழுத்துகளையும் வரைகிறது.