வீட்டுக்குப் போய்ச் சும்மா இராத பெண்கள்

"நீ போய்ப் பேசாம உட்காரும்மா!"

வீட்டில் ஏதாவது பெரிய காரியம் நடக்கும்போது இந்த வார்த்தையைக் கேட்காத பெண் நம்மில் யார்? 1914-ல் முதல் உலக யுத்தம் ஆரம்பித்த சமயம், எடின்பரோ நகரத்து லேடி டாக்டர் ஒருவருக்கும் இதே பதில்தான் கிடைத்தது. பெயர் எல்ஸி இங்கிலிஸ். வயது ஐம்பது. நம் நைனிடாலில் பிறந்தவர். அப்பா இங்கே வெள்ளைக்கார சர்க்காரில் பெரிய உத்தியோகம். காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் பெண்களே நடத்தும் ஆஸ்பத்திரி அமைத்துத் தருவதாக யுத்த இலாகாவிடம் கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கும்படி ஓர் அதிகாரி சொல்லிவிட்டாராம்.

அம்மாள் வீட்டுக்குப் போனார், சும்மாதான் இருக்கவில்லை. சொந்த நாட்டு ராணுவம் வேண்டாமென்றால் நேச நாடுகள் இல்லையா? பிரான்சும் செர்பியாவும் "வாருங்கள்" என்றன. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுக்கொண்டிருந்த சங்கத்து மாதர்கள் வசூலில் இறங்கினார்கள். பணம் கொடுத்தவர் பெயரை ஒரு கட்டிலுக்கு வைப்பதும் உண்டு. நம் கோவில் டியூப் லைட் ஞாபகம் வருகிறதா? 'ஸ்காட்டிஷ் மாதர் ஆஸ்பத்திரிகள்' இப்படிப் பிறந்தவைதான். டாக்டர், நர்ஸ், சமையல், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லாமே பெண்கள்!

பிரான்சில் கிடைத்த இடம், பாரிசுக்கு வடக்கே ரோயோமோன் என்ற 13-ம் நூற்றாண்டு மடாலயம். மின்சாரம் கிடையாது; தண்ணீர் வாளி வாளியாகச் சுமக்க வேண்டும். வீட்டில் துடைப்பத்தைத் தொட்டறியாத பணக்காரப் பெண்கள் சம்பளமில்லாமல் தரை தேய்த்தார்கள். முதலில் வந்து பார்த்த பிரெஞ்சு அதிகாரிகள் "சரிப்படாது" என்றார்கள். மறுபடி தேய்த்துக் கழுவி, 1915 ஜனவரியில் திறந்தே விட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும், 1919 வரை அது நடந்தது.

செர்பியாவுக்குப் போனவர்கள் பாடுதான் நெஞ்சைப் பிசைகிறது. அந்த ஜனவரியில் க்ராகுயேவாட்ஸ் என்ற ஊரில் போய் இறங்கினார்கள். குண்டுக் காயத்துக்குக் கட்டுப் போடத்தான் போனது. ஆனால் குண்டைவிட மோசமான எதிரி அங்கே காத்திருந்தது: டைஃபஸ் ஜுரம். (டைபாய்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. இது சீலைப்பேனால் வருவது.) தலைப்பேன் வேறு, சீலைப்பேன் வேறு. இது துணியின் தையல் மடிப்பில் குடியிருந்துகொண்டு உடம்பைக் கடிக்கும். அரிக்கிறதே என்று சொறிந்தால், அதன் கழிவு தோலுக்குள் போய் நோய் தொற்றிவிடும். கடுங்குளிரில் நாள்கணக்காக ஒரே உடுப்பு, வைக்கோல்மேல் நெருக்கியடித்துப் படுக்கை. கேட்க வேண்டுமா? ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்.

அப்போது இதற்கு மருந்தே கிடையாது. இருந்ததெல்லாம் நாம் தினம் புழங்கும் வெந்நீர், சோப்பு, அடுப்புத்தான். வந்தவனின் உடுப்பைக் கழற்றி, முடியை மழித்து, குளிப்பாட்டி, வேறு துணி போட்டு, பழையதைக் கொதிக்க வைப்பது! பிரிட்டிஷ் ராணுவ வைத்தியக் குழு ஒன்று ஒரு யுக்தி செய்தது. பீப்பாயின் அடியில் ஓட்டை போட்டு, கொதிக்கும் கொப்பரைமேல் வைத்து, துணிகளை உள்ளே அடைத்து ஆவியில் அவித்தார்கள். நம்ம ஊர் வெள்ளாவியேதான்! நர்ஸுகளும் உடம்போடு ஒட்டிய ஒரே உடுப்பை பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு வேலை செய்தார்கள்.

அப்படியும் நோய் விடவில்லை. அதே ஊரில் டைஃபஸ் நோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டர் எலிசபெத் ராஸ் தாமே ஜுரத்தில் விழுந்தார். அவரைக் கவனிக்கப் போனவர் கிளாஸ்கோ நர்ஸ் லூயிஸா ஜார்டன். பிப்ரவரியில் டாக்டர் போய்விட்டார். மார்ச்சில் லூயிஸாவும். வயது 36.

எல்ஸி அம்மாளே மே மாதம் செர்பியா போய்ச் சேர்ந்தார். இலையுதிர் காலத்தில் எதிரிப் படை நுழைந்ததும், குழுவில் சிலர் பின்வாங்கும் ராணுவத்தோடு பனிமலை ஏறி நடந்தார்கள். எல்ஸி, "காயம்பட்டவங்களை விட்டுட்டு எப்படி?" என்று தங்கிவிட்டார். 1916 பிப்ரவரி வரை கைதியாக இருந்துதான் வைத்தியம். விடுதலையாகி ஊர் திரும்பியவர், அதே வருஷம் ரஷ்யப் பக்கம் இருந்த செர்பியப் படைக்கு உதவப் புறப்பட்டார். உடம்பில் புற்றுநோய். அந்தச் சிப்பாய்களைப் பத்திரமாக அனுப்பாமல் தாமும் கிளம்பமாட்டேன் என்று பிடிவாதம். 1917 நவம்பர் 25-ல் கப்பல் இங்கிலாந்து வந்தது. எழுந்து நின்று எல்லோரிடமும் விடைபெற்றார். மறுநாள் உயிர் பிரிந்தது.

செர்பியா தன் 'வெள்ளைக் கழுகு' விருதை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது எல்ஸிக்குத்தான் முதல் தடவை. லூயிஸாவைப் பற்றி வெளியுலகம் அதிகம் பேசவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது கிளாஸ்கோவில் அவசரமாக ஒரு தற்காலிக ஆஸ்பத்திரி எழுப்பினார்கள். அதற்கு லூயிஸா ஜார்டன் என்று பெயர் வைத்தார்கள். நல்ல வேளை, கொரோனா நோயாளிகளைப் படுக்க வைக்க அது தேவைப்படவில்லை. மற்ற நோயாளிகளைப் பார்க்கவும் தடுப்பூசி போடவும் பயன்பட்டது.