முதுமாணிப் பட்டம்: எதைத் தேர்வது?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருத்தி தன் தாயாருடன் எம்பிலிப்பிட்டியவிலுள்ள என் இல்லத்துக்கு வந்தாள். இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்து, விவசாய விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவள். 'சர்வதேச அபிவிருத்தி' என்னும் துறையில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கு இடமளித்து, பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்று அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தது. புலமைப்பரிசில் மட்டும் கிடைக்கவில்லை.

"என் சேமலாப நிதிப் பணம் வந்திருக்கிறது, மாஸ்டர். நகையும் கொஞ்சம் இருக்கிறது. பிள்ளையை அனுப்பலாமா?" என்று தாயார் கேட்டார். ஆயுளெல்லாம் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் அது. வாய்க்கு வந்த விடையைச் சொல்லிவிட முடியுமா?

ஐக்கிய நாடுகள் சபையிலும் ஆசிய அபிவிருத்தி வங்கியிலும் பணியாற்ற வேண்டுமென்ற ஆவல் இன்று நம் இளைஞரிடையே வளர்ந்திருக்கிறது. நல்ல ஆவல்தான். ஆனால், பெற்ற பட்டத்தின் பெயரிலேயே 'அபிவிருத்தி' என்ற சொல் இருந்தாக வேண்டுமெனப் பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகள் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக விளங்கிய கமனி கொரியா கற்றது பொருளியல். யுத்தத்தில் சிக்குண்ட சிறார்களுக்காக 2006 முதல் 2012 வரை அச்சபையில் உயர்பதவி வகித்த ராதிகா குமாரசுவாமி கற்றது சட்டம்.

உதாரணம் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1960களில் எழுந்த உடவளவை நீர்த்தேக்கத்தை நம்பியே எம்பிலிப்பிட்டியவின் வயல்கள் விளைகின்றன. 1969இல் ஆசிய அபிவிருத்தி வங்கி இத்திட்டத்துக்குக் கடனுதவி வழங்கியது; பின்னர் ஜப்பானும் உதவிற்று. கசிந்து வீணாகும் நீரை மிச்சப்படுத்த, வாய்க்கால்களுக்குக் கொங்கிறீற்று இடப்பட்டது. பொறியியல் நோக்கில் அது சரியே. ஆனால், அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாக இருந்ததும் அந்தக் கசிவு நீரே அன்றோ! கசிவு குறைந்தால் குடிக்கவும் குளிக்கவும் கிணற்றை நம்பியிருப்போர் என் செய்வர்? இப்பகுதியைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வொன்று இதனை எடுத்துக்காட்டியது.

நிலத்தடி நீரை அளக்கத் தெரிந்தவர், செலவைக் கணக்கிடத் தெரிந்தவர், குடம் சுமக்கும் பெண்களிடம் அமர்ந்து கேட்கத் தெரிந்தவர் என்று பலரும் கூடினாலன்றி இத்தகைய சிக்கல் தெளிவாகாது. ஒவ்வொன்றும் பயின்று பெற வேண்டிய தொழில். எல்லாவற்றிலும் சிறிது மட்டும் கற்றவர் அக்கூட்டத்தில் அமரலாம். கிணறு எத்தனை அடி வற்றும் என்று சொல்ல அவரால் இயலாது.

அவ்வாறாயின் அபிவிருத்திக் கல்வி பயனற்றதா? அன்று. சில ஆண்டுகள் களத்தில் உழைத்தபின் நிர்வாகத்துக்கோ கொள்கை வகுப்பதற்கோ செல்ல விரும்புவோருக்கு அது துணை செய்யும். எது முன், எது பின் என்பதே கேள்வி.

பணத்தைப் பொறுத்தவரையிலும் இதுவே முறை. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஜப்பானும் உலக வங்கியும் இணைந்து வழங்கும் புலமைப்பரிசிலுக்கு மூன்று ஆண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் இளம் நிபுணர் தேர்வுக்கோ, நம் நாடு அவ்வாண்டுப் பட்டியலில் இருக்குமாயின், 32 வயதுக்கு மேற்படாத எவரும் முதற்பட்டத்துடனேயே விண்ணப்பிக்கலாம். உள்நாட்டில் கற்க விரும்புவோருக்குப் பேராதனையில் 1975 முதல் பட்டப்பின் விவசாய நிறுவகம் இருக்கிறது.

ஆகவே, பட்டத்தைத் தேர்வதற்குமுன் பெற்றோரும் பிள்ளைகளும் கூடி அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படிப்பு முடிந்ததும் என்ன வேலையை என்னால் தனித்துச் செய்ய முடியும்? நான் விரும்பும் பதவிக்கான விளம்பரம் எந்தத் துறைப் பட்டத்தைக் கேட்கிறது? வேலை கிடைக்கத் தாமதமானால் கடனை அடைப்பவர் யார்?

மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் மாணவி தாயாரின் முகத்தைப் பார்த்தாள். பின்பு கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "மூன்று வருஷம் வேலை செய்கிறேன், சேர். பிறகு நீர் முகாமைத்துவம் படிக்கப் புலமைப்பரிசிலுக்கு எழுதுகிறேன்" என்றாள்.

தாயார் ஒன்றும் பேசவில்லை. விடைபெறும்போது மட்டும், "பணம் பாங்கியிலேயே இருக்கட்டும், மாஸ்டர். அவள் போகும் நாளில் பயணச் செலவுக்கு ஆகும்" என்றார்.