எயிற்பட்டினமும் திரைவாசிப்பானும்: தமிழ் மின்னூல்களின் அணுகுதன்மை

ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. அவ்வழியில் முதலாவதாகச் சுட்டப்பெறும் எயிற்பட்டினத்தை, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உப்பளங்கள் சூழ அமைந்த மரக்காணம் என அறிஞர் பலர் கொள்வர். பார்வையற்ற மரக்காணத்து மாணவர் ஒருவர் தம் ஊர் இடம்பெறும் இப்பாட்டினை உரையுடன் நூலகக் கணினியில் படிக்க முனைவதாகக் கொள்ளலாம்.

கணினி பெருந்தடையன்று. பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்னும் ஒலிப்பு மென்பொருள் தமிழையும் படிக்கும். குரல் சற்று இயந்திரத்தன்மை உடையதாயினும் பழகிய செவிக்கு அது போதும். இடர் நூலின் வடிவிலேயே உள்ளது.

உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் வெளியிட்ட பத்துப்பாட்டு போன்ற பழம்பதிப்புகள், மின்வருடப்பெறும்போது பக்கங்களின் படங்களாகவே சேமிக்கப்படுகின்றன. கண்ணுக்கு அவை எழுத்து. திரைவாசிப்பானுக்கோ வெறும் படம். ஆதலின் அது வாய் திறப்பதில்லை. எழுத்துணரி மென்பொருளால் படத்தை எழுத்தாக்கலாம். எனினும், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணை, லை, றா முதலியவற்றின் பழைய வடிவங்களும் மங்கிய அச்சும் பிழைகளை மிகுவிக்கும். மெய்ப்புத் திருத்தும் மனித உழைப்பு இங்குத் தவிர்க்க இயலாதது.

தட்டச்சு செய்யப்பெற்ற கோப்புகள் அனைத்தும் பேசும் என்பதற்கும் இல்லை. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று தோன்றுவது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. திரைவாசிப்பான் அவற்றையே ஒலிக்கும். 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியமையின் அருமை இங்குப் புலனாகும்.

சட்டமும் தடையன்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டிற்கென நூல்களை அணுகத்தக்க வடிவிற்கு மாற்ற இடமளிக்கிறது. 2013ஆம் ஆண்டு மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதன்முதலில் ஏற்புறுதி அளித்த நாடும் இந்தியாவே.

நூலகப் பட்டியல்களில் 'மின்னூல்' என்னும் ஒரே சொல் படக்கோப்பையும் எழுத்துக்கோப்பையும் ஒருங்கே குறித்துவிடுகிறது. எது படம், எது ஒருங்குறி எழுத்து என ஒவ்வொரு பதிவிலும் குறிக்கப்பெறின், அம்மாணவர் பேசாத கோப்புகளைத் திறந்து திறந்து மூட வேண்டியிராது. எவ்வுரையை முதலில் எழுத்தாக்க வேண்டும் என்பதும் நூலகர்க்குத் தெரியவரும்.